ஜொகூர்க் குளிர்காலத்தில் குதிரைக்காரர் சூடாக இருப்பது எப்படி: ஓர் ஆய்வுரை

குதிரையையும் குளிரையும் சேர்த்து எழுதியவர்கள் உலகில் ஏராளம். எந்தக் கம்பளி, எத்தனை கம்பளி, வயிற்றுப் பட்டையை எத்தனை இறுக்கமாகக் கட்டுவது, காதைத் தொட்டுப் பார்த்துக் குளிரை அறிவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கம்பளியைப் போர்த்திவிடுகிற ஆளுக்குக் குளிருமே என்ற கவலை மட்டும் அவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. வந்தாலும் கடைசிப் பக்கத்தில், கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பனி பெய்கிற நாடுகளில் இந்தக் குழப்பம் இயல்புதான். அங்கே குதிரைக்கும் குளிர்கிறது, மனிதனுக்கும் குளிர்கிறது. யாருடைய குளிரை அளக்கிறோம் என்றே பிரித்தறிய முடிவதில்லை.

மலேசியாவின் ஜொகூரில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே குதிரைக்குக் குளிர்வதே கிடையாது. லாயத்தில் குளிரில் நடுங்கும் ஒரே உயிர், அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்கிற மனிதர். ஆகவே, குதிரைக்காரரின் குளிரைக் கலப்படமில்லாமல் ஆராய ஜொகூரைவிட உகந்த இடம் உலகில் இல்லை என்பதே இவ்வாய்வின் அடிப்படை வாதம்.

முதலில், குளிர்காலம் உண்டா?

ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி தஞ்சோங் பியாய். அது ஜொகூரில், பொந்தியானுக்குத் தெற்கே இருக்கிறது. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை தள்ளி நிற்கிறது. இப்படிப்பட்ட ஊரில் குளிர்காலம் என்று பேச்சை எடுத்தாலே ஆய்வரங்கில் சிரிப்பார்கள். கேமரன் மலைக்காரர்கள் இன்னும் சத்தமாகச் சிரிப்பார்கள். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி அங்கே வெப்பமானி 7.8 டிகிரிக்கு இறங்கியது. அதைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் ஜொகூரின் குளிருக்கு அதைவிடப் பெரிய பூர்விகம் இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் குளிரலைகள் சைபீரியா, மங்கோலியாப் பக்கம் தேங்கி நிற்கும் குளிர்காற்றிலிருந்து புறப்படுபவை. உலகிலேயே குதிரைக்குப் பேர்போன புல்வெளியில் பிறந்து, சீனத்தைக் கடந்து, தென்சீனக் கடலில் வயிறு முட்ட நீர் குடித்துவிட்டு, மெர்சிங்கிலும் கோத்தா திங்கியிலும் வந்து கொட்டுகிறது அந்தக் காற்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் செகாமட்டையும் மூழ்கடித்த மழை இந்தப் பருவத்தது. மங்கோலியக் குதிரை லாயமே இல்லாமல், பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி உறைகுளிரில் வெட்டவெளியில் நின்று குளிர்காலத்தைக் கழிக்கிறது. அதே காற்று ஜொகூர் வந்து சேரும்போது 22 டிகிரி ஆகிவிடுகிறது. வந்த தூரத்தை நினைத்துப் பார்த்தால், இந்த 22 டிகிரியை மரியாதையோடுதான் அணுகவேண்டும்.

22 எல்லாம் ஒரு குளிரா என்று கேட்பவர்கள் மார்கழியில் சென்னைக்குப் போய்ப் பார்க்கலாம். அங்கே அதே 22 டிகிரியில் பாதி ஊர் குரங்குக் குல்லாயோடு பால் வாங்கப் போகிறது. குளிர் வெப்பமானியில் இருப்பதல்ல. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தில் இருப்பது. நேற்று மத்தியானம் 33 டிகிரியில் வேர்த்து ஒழுகியவர், இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு விடியற்காலை 22 டிகிரியில் நனைந்த சட்டையோடு நின்றால் அது குளிர்காலம்தான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்கிற பழமொழிக்காரர்கள் தரையோடும் மச்சோடும் நிறுத்திக்கொண்டார்கள். ஈரச்சட்டையைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

குளிர்காலத்தின் சட்டப் பின்னணி

இந்தக் குளிரில் ஒரு பங்கு வானிலையால் வந்ததல்ல, அரசாங்கத்தால் வந்தது என்பதை இங்கே நிறுவ வேண்டும். 1981 டிசம்பர் 31 இரவு, தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் பதினொன்றரையிலிருந்து நேராகப் பன்னிரண்டுக்குத் தாவின. சபா, சரவாக் நேரத்தோடு நாடு முழுக்க ஒரே நேரமாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. 1982 புத்தாண்டு அரைமணி முன்னதாகவே பிறந்தது. கொண்டாடியவர்களுக்கு மகிழ்ச்சி. குதிரைக்காரர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை.

ஜொகூர் பாருவின் தீர்க்கரேகைக் கணக்குப்படி, இன்றைய கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. ஜனவரியில் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடிகிறது. லாயத்திலோ வேலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. வெயில் ஏறுவதற்குள் குதிரைக்குப் பயிற்சி முடியவேண்டும், இல்லாவிட்டால் அதற்குச் சூடு தாங்காது. அதாவது கடிகாரத்தில் ஐந்து மணி, சூரியக் கணக்கில் நான்கு மணி. ஓர் இரவின் மிகக் குளிர்ந்த நேரம் விடியலை ஒட்டி வருவது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். குதிரையின் வேலைநேரத்தைக் குளிர்ச்சியான நேரத்தில் அமைக்கப் போய், மனிதரின் வேலைநேரத்தை அதைவிடக் குளிர்ச்சியான நேரத்தில் அமைத்துவிட்டார்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை.

குதிரைத் தரப்பு வாதம்

நடுநிலைக்காகக் குதிரையையும் விசாரித்தாக வேண்டும். மிதமான தட்பவெப்பத்துக்குப் பழகிய வளர்ந்த குதிரை 5 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை எந்தக் கூடுதல் முயற்சியும் இல்லாமல் உடல்சூட்டைச் சமாளித்துக்கொள்ளும். கனடாவின் குளிருக்குப் பழகியது பூஜ்யத்துக்குக் கீழே 15 வரைகூடக் கவலைப்படாது. அதன் பெருங்குடலில் புல்லும் வைக்கோலும் நாளெல்லாம் புளித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் புளிப்பே அதற்கு அடுப்பு. 500 கிலோ எடையுள்ள குதிரை சும்மா நிற்பதற்கே நாளொன்றுக்குப் பதினாறாயிரம் கிலோகலோரிக்கு மேல் தின்கிறது. அதில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியேறுகிறது. நின்றுகொண்டே அரைக் கிலோவாட்டுக்குக் குறையாமல் சூடு வீசும் இந்தப் பிராணிக்கு ஜொகூரின் 22 டிகிரி குளிராகத் தெரியும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதற்குக் குளிர்காலம் வந்துவிட்டது என்றே தெரியாது என்பதும் ஒன்று. குளிர்கால ரோமம் முளைப்பதற்குக் குதிரையின் உடல் பார்ப்பது வெப்பத்தைவிடப் பகலின் நீளத்தை. பகல் சுருங்கினால் ரோமம் அடர்கிறது, நீண்டால் உதிர்கிறது. ஜொகூரில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் பத்து நிமிடம். இங்கே போலோ ஆட ஆர்ஜென்டினாவிலிருந்து வந்து சேரும் குதிரை, தன் நாட்டு ஜூன் மாதக் குளிருக்கும் இந்த ஊர் டிசம்பர் மழைக்கும் இடையில் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வரும், பாவம்.

அதன் உண்மையான பகை வெயிலும் புழுக்கமும். குளிர்நாட்டில் வளர்ந்த குதிரைகளை வெப்பமண்டலத்துக்குக் கொண்டுவந்தபோது சிலவற்றுக்கு வேர்ப்பதே நின்றுபோனதை ஆங்கிலேயர் நூறு ஆண்டுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். வேர்வை நின்றால் சூடு உள்ளேயே தங்கிவிடும், மூச்சு இரைக்கும், ஓட்டம் போய்விடும். அதனால்தான் இங்குள்ள லாயங்களில் கம்பளிக்கு வேலை குறைவு, விசிறிக்கு வேலை அதிகம். விசிறி இரவெல்லாம் சுற்றுகிறது. மழைக்காலத்திலும் சுற்றுகிறது. ஐந்து மணிக்கு உள்ளே நுழையும் மனிதர் மங்கோலியாவிலிருந்து வந்த காற்றைத் தாண்டி, இந்த விசிறிக் காற்றுக்கு வந்து சேர்கிறார்.

முன்னோடி ஆய்வுகள்

தமிழில் இந்தத் துறையின் முதல் நூல் நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது, பத்துப்பாட்டில் ஒன்று, 188 அடி. கடுமழையில் மாடு மேய்ப்பவர்கள் தீயில் கைகாய்ந்தும் கன்னம் நடுங்க நிற்பதில் பாட்டு தொடங்குகிறது. கடைசியில் நள்ளிரவுப் பாசறை. வாடை அடிக்கிறது, விளக்குச் சுடர்கள் சாய்கின்றன, சேணம் கழற்றாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேலே விழும் மழைத்துளியை உடல் சிலிர்த்து உதறுகின்றன. அரசன் ஓர் இளைஞனின் தோளில் கைவைத்து நடக்கிறான். அவனுக்குக் குடை பிடிக்கப்படுகிறது.

எல்லாம் சரி. அந்தக் குதிரைகளை யார் பிடித்துக்கொண்டு நின்றார்? பாட்டில் பதில் இல்லை. குடை அரசனுக்கு. குதிரை உதறிய தண்ணீர் யார்மேல் தெறித்தது என்ற கேள்வியைத் தமிழ் ஆராய்ச்சியுலகம் இன்றுவரை எழுப்பாதது வியப்பு. தலைவி யார், தலைவன் யார், இது அகமா புறமா என்று காலம் காலமாகச் சண்டை போட்டவர்கள், நனைந்த ஆளை ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம்.

மாணிக்கவாசகர் கதையிலும் அதே இடைவெளி. பாண்டிய மன்னன் தன் அமைச்சரான அவரிடம் குதிரை வாங்கக் கொடுத்த பணம் திருப்பெருந்துறைக் கோயிலுக்குப் போய்விட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார். இரவில் அவை மறுபடியும் நரிகளாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துப்போட்டு ஓடின. அரசனின் கோபம் தெரிகிறது, அமைச்சர் பட்ட பாடு தெரிகிறது. அன்றிரவு லாயத்தில் முறைவேலை பார்த்தவரின் வாக்குமூலம் எந்தப் புராணத்திலும் இல்லை.

மார்க்கோ போலோ மட்டும், தன்னை அறியாமலே, நமக்கு உதவுகிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றிச் சொல்லும்போது, கடல்வழியே வந்து இறங்கும் குதிரைகள் இங்கே நிறையச் செத்துப்போவதாகவும், அவற்றுக்கு இறைச்சியும் சோறும் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்றும் குறைப்பட்டுக்கொண்டார். புல் தின்கிற பிராணிக்கு எதற்குச் சமையல் என்று வெனிஸ்காரர் திகைத்ததோடு சரி. இவ்வாய்வின் விளக்கம் எளிது: சமைத்தால் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால் அதன் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். குதிரையின் ஆரோக்கியம் என்ற ஒரு கோணத்தில் மட்டும் பார்த்ததால் போலோவுக்கு இது பிடிபடவில்லை.

கொள்ளின் வீழ்ச்சி

இந்த விளக்கம் வெறும் ஊகமல்ல என்பதற்குக் கொள்ளு சாட்சி. தென்னிந்தியக் குதிரை நெடுங்காலம் தின்றது கொள்ளு. அதைப் பச்சையாகக் கொடுக்காமல் வேகவைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். லாயத்துக்கு லாயம் கொள்ளுப் பானை இருந்தது. பானைக்குக் கீழே தீ, தீக்குப் பக்கத்தில் குதிரைக்காரர். வெந்த தண்ணீரை இறுத்து, புளியும் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டால் கொள்ளு ரசம். கொங்கு நாட்டில் சளி பிடித்தவருக்கு இன்றும் முதல் மருந்து அதுதான். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்கிறார்கள். நனைந்தவனுக்கும் கொள்ளுதான் என்பதை அந்தப் பழமொழி சொல்லாமல் விட்டது. ஒரே பானையில் குதிரைக்குத் தீனி, ஆளுக்கு மருந்து, கைக்குச் சூடு. இதற்கு மேல் ஒரு தொழில்நுட்பத்திடம் என்ன கேட்பது?

பிறகு மூட்டையில் அடைத்த குச்சித் தீவனம் வந்தது. வெளிநாட்டு வைக்கோல் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. அளந்து போட்டால் போதும், வேகவைக்க வேண்டாம். குதிரை நல்ல சத்தோடு வளர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அடுப்பு அணைந்தது. குதிரைத் தீவன வரலாற்றை எழுதியவர்கள் இதை முன்னேற்றம் என்கிறார்கள். லாயத்தின் தட்பவெப்ப வரலாற்றில் இதுதான் பனியுகத் தொடக்கம்.

இன்றும் ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவானில், ராஜமாரியம்மன் கோயிலை ஒட்டிய மளிகைக் கடைகளில் கொள்ளு கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் உடம்பு இளைக்க வாங்குகிறார்கள். குதிரைக்கென்று கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்க்கிறார்.

கருவிகள்

அடுப்பு போன பிறகு குதிரைக்காரரின் கையில் எஞ்சியவற்றில் முதலாவது ஜாக்கெட். அதை முன்பின்னாக மாற்றிப் போடுவது மலேசிய மோட்டார்சைக்கிள்காரர்கள் உலகுக்கு அளித்த கொடை. ஜிப் முதுகுப் பக்கம் திறந்து கிடக்கும். துணி முழுசாக இருக்கும் பகுதி நெஞ்சுக்கு வரும். காற்று புக வழியில்லை. 1924இல் திறந்த ஜொகூர்ப் பாலத்தின் வழியே விடியுமுன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மோட்டார்சைக்கிள் வரிசையைப் பார்த்தால், ஆயிரக்கணக்கானோர் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னேறுவது போலத் தெரியும். 2024 அக்டோபர் 5 வரை பாலத்துக்கு அந்தப் பக்கம் கிராஞ்சித் திடலில் குதிரைப் பந்தயம் நடந்தது. 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தய மரபு அன்றோடு முடிந்தது. அதன் பிறகு குதிரைக்காகக் குளிர விரும்புபவர் பாலத்துக்கு இந்தப் பக்கமே குளிர வேண்டியிருக்கிறது.

சாலையில் குறையில்லாத இந்த முறைக்கு லாயத்தில் இரண்டு குறைகள். பைகள் முதுகுக்குப் போய்விடுவதால் எதையும் எடுக்க முடியாது. ஜாக்கெட்டின் தலைமூடி தாடைக்குக் கீழே கொள்ளுப்பை மாதிரி தொங்கும். குதிரையும் அதை அப்படியே புரிந்துகொண்டு மூக்கை உள்ளே விட்டுத் தேடும். கேரட் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சு நெஞ்சுக்குள் சூடாக இறங்கும் என்பதால், இதைக் குறை என்பதா வசதி என்பதா என்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை.

இரண்டாவது, சாக்கு. ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடக்கித் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. தோட்டத்தில் மழையில் வேலை பார்த்த பாட்டன் பாட்டிகள் கொங்காணியில்தான் காலம் தள்ளினார்கள். கோணிச்சாக்கு நனைந்தாலும் கனமாக உடம்பை மூடிக்கொண்டிருக்கும். இப்போது தீவனம் வருவது பிளாஸ்டிக் சாக்கில். அதில் கொங்காணி போட்டால் மழை உள்ளே வராது. வேர்வையும் வெளியே போகாது. காதருகே அது போடும் சரசரப்பில் குதிரை மிரளும். மிரண்ட குதிரையைப் பிடிக்க ஓடுவதால் உடம்பு சூடாகும் என்று வாதிடலாம். அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

மூன்றாவதும் மிக முக்கியமானதும் பானம். ஐந்து மணிக்கு முன்பே திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடை இதற்கான ஆய்வுக்கூடம்.

"அண்ணே, கோப்பி ஓ ஒண்ணு, புங்குஸ்."

"சீனி கொறச்சாப்பா?"

"சீனி எப்படியாச்சும் போடுங்க. சூடு கொறையாம குடுங்க."

பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டித் தரும் இந்தப் புங்குஸ் கோப்பியைக் குடிப்பது இரண்டாம் பட்சம். முதலில் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொள்வதுதான். ஒரு கட்டுக் கோப்பி கையைச் சுமார் கால் மணி நேரம் காப்பாற்றும். அதற்குள் குடித்துவிட்டால் கை குளிர்ந்துவிடும். குடிக்காமல் வைத்திருந்தால் கோப்பி குளிர்ந்துவிடும். இதற்குத் தீர்வாக இரண்டு கட்டு வாங்குவோர் உண்டு. மைலோ வாங்குவோரும் உண்டு, அது கெட்டியாக இருப்பதால் சூடு நிற்கிறதாம். இரு தரப்பும் ஒருவர் பையை ஒருவர் தொட்டுப் பார்த்து இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இவை எல்லாவற்றையும் தோற்கடிப்பது குதிரையைக் குளிப்பாட்டும் வேலை. பயிற்சி முடிந்து வரும் குதிரையைக் குழாயடியில் நிறுத்தி, கழுத்திலிருந்து தொடைவரை தண்ணீர் அடித்து, வழிப்பானால் வழித்துவிட்டு, மறுபடியும் அடித்து, மறுபடியும் வழிக்க வேண்டும். முதுகுக்கு அடிக்கக் கையைத் தூக்கும்போது ரப்பர்க் குழாயின் பிடியிலிருந்து கசியும் தண்ணீர் மணிக்கட்டில் இறங்கி, சட்டைக் கைக்குள் நுழைந்து, முழங்கையில் ஒரு கணம் தயங்கி, அக்குள் வழியே இடுப்புவரை ஒரே கோடாகப் போகும். அங்கிருந்து காற்சட்டை. பிறகு ரப்பர் பூட்ஸ். ஜாக்கெட், கொங்காணி, மழைக்கோட்டு ஆகிய அனைத்தும் மேலிருந்து வரும் தண்ணீருக்காக உருவானவை. உள்ளிருந்து வரும் தண்ணீருக்கு மனிதகுலம் இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொள்ளும். குதிரைக்கு அது நன்மை, அதற்காகத்தான் குளியலே. ஆளின் சட்டையிலிருந்து ஆவியாகும் தண்ணீர் அந்தக் கணக்கை ஆளிடம் தீர்த்துக்கொள்கிறது. குளியல் முடிந்ததும் குதிரை தலையிலிருந்து வால்வரை ஒருமுறை சிலிர்த்து உதறும். நக்கீரர் விட்ட இடம் இதுதான்.

குதிரையே கருவி

ஆகக் கடைசியில், அடுப்பில்லாத லாயத்தில் எரிந்துகொண்டிருக்கும் ஒரே அடுப்பிடமே போகவேண்டியிருக்கிறது. குதிரையின் உடல்சூடு 37.5 முதல் 38.5 டிகிரி, அதாவது மனிதரைவிடச் சற்றுக் கூடுதல். துடைத்துக் காய்ந்த குதிரையின் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் சாய்ந்து, பிடரிமயிருக்கு அடியில் விரல்களைச் செருகினால் இரண்டு நிமிடத்தில் விரல் மடங்கும். இதில் சில விதிகள் உண்டு. தோள்பக்கம் சாயலாம், பின்னங்கால் பக்கம் சாய்வதை எந்த ஆய்வுநெறிக் குழுவும் அனுமதிக்காது. சாய்ந்த பக்கத்துக் காலைக் குதிரை மாற்றி வைக்கும்போது உங்கள் கால் அங்கே இருக்கக் கூடாது; 500 கிலோவுக்குக் கீழே மாட்டிய பாதத்தில் சூடு நன்றாகவே பரவும், ஆனால் அது நாம் தேடிய சூடல்ல.

பொருளியலார் இதை நல்ல சந்தை என்பார்கள். ஒருவரிடம் தள்ளிவிட வேண்டிய சூடு உபரியாக இருக்கிறது, இன்னொருவரிடம் பற்றாக்குறை. விலையாகக் கழுத்தைச் சொறிந்துவிட்டால் போதும். ஆனால் சந்தை நீடிப்பதில்லை. ஏழே கால் வாக்கில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் தேவை சரிகிறது. எட்டு மணிக்கு ஈரம் ஆவியாகி லாயமே புழுங்கத் தொடங்க, ஜாக்கெட் ஆணியில் ஏறுகிறது, சட்டையின் மேல் பொத்தான்கள் கழல்கின்றன. எட்டரைக்கு மனிதரும் குதிரையும் ஒரே விசிறிக்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நிலையில் யார் நகர்ந்து யாருக்கு இடம்விட வேண்டும் என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இதுவரை கிடைத்த தரவுகள் குதிரைக்குச் சாதகமாகவே இருக்கின்றன.